வெல்லம் போட்ட டீ

ஆலத்தியூர் சிமெண்டு ஆலைக்கு வரும் லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், இளையபெருமாள் போடுகிற டீயே தனி என்பார்கள். பதினாறு வருஷமாக டீக்கடை மாஸ்டர். மனுஷனுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அவன் மனைவி தேவயானிக்கு ஐந்தாம் மாதம் ரத்த அளவு ஒன்பது என்றார்கள். ரத்தம் குறைந்துதான் அவளுடைய அக்கா மஞ்சு பிரசவத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். அந்தப் பயம் இளையபெருமாளைப் பிடித்து ஆட்டியது. சத்து மாத்திரை போட்டால் தேவயானிக்குக் குமட்டியது. தூக்கிப் போடு அதை, சாப்பாட்டிலேயே ஏற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினான். தெருவில் ஒரு முருங்கை மரத்தையும் விட்டுவைக்கவில்லை. கேழ்வரகு அடை, சுண்டல், ஆட்டு ஈரல் என்று ஊட்டித் தள்ளினான். "போதும்ங்க, தொண்ட வரைக்கும் இருக்கு" என்று அவள் கெஞ்சினாலும் விடமாட்டான்.

எட்டாம் மாதப் பரிசோதனையில் ஏழுக்கும் கீழே இறங்கியிருந்தது. தேவயானி மயக்கமாக வெளியே பெஞ்சில் படுத்திருந்தாள். உள்ளே நர்ஸ் சாந்தா, "என்னதான் சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

மாத்திரையை நிறுத்தியதிலிருந்து அவன் ஒன்று விடாமல் ஒப்பித்தான். "கீரைன்னா அவளுக்கு எறங்காதுங்க சிஸ்டர். அதான் மூணு வேளையும் சாப்ட கையோட வெல்லம் போட்டு, திக்கா ஒரு டீ குடுத்துருவேன். வெல்லம் ரத்தத்துக்கு நல்லதுல்ல?"

சாந்தா எழுதுவதை நிறுத்தினார். "மாத்திரையும் இல்ல, சாப்ட ஒடனே டீ வேறயா? டீ குடிச்சா கீரையில உள்ள சத்து உடம்புல சரியா சேராதுங்க. ஒரு மணி நேரமாச்சும் விட்டிருக்கணும். இனிமே கீரைய நம்பி உக்கார முடியாது. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கிப் போயி ரத்தம் ஏத்துங்க."

மூன்று மாதம், மூன்று வேளை, அத்தனையும் அவன் கையால் ஆற்றிக் கொடுத்தது. பாவி நான், என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சாயங்காலம் அரியலூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் துடிப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போயிருந்தார். தேவயானி கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க, நாக்கு வறண்டு கெடக்கு. கீழ போயி ஒரு டீ வாங்கியாங்களேன். ஒங்க டீ இருந்ததாலதான் அவ்ளோ கீரையும் உள்ள எறங்குச்சு."

இளையபெருமாள் அவளுடைய வெளுத்த கையைப் பிடித்துக்கொண்டான். அவளிடம் அவன் இன்னும் எதுவும் சொல்லவில்லை.