மாரக்காளைக் கூட்டிவர நடந்தவர்

மனைவியைக் குளிப்பாட்டும்போதுதான் ஜடையன் விழுந்தார். மாரக்காளுக்கு மறதி நோய். பெற்ற மகளின் பேர்கூடச் சில நாள் வராது. ஆனாலும் புருஷன் தண்ணீர் ஊற்றினால் அடம்பிடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். மைசூரில் டயர் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்வதே அவருக்கு வேலை. அன்றைக்குச் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. கீழே கிடந்தவரைப் பார்த்து, "எந்திரிங்க, குளுருது" என்றே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அவ சாப்பிட்டாளா?" என்று மகன் கணேசனிடம் கேட்டார்.

சாப்பிட்டிருக்கவில்லை. ஓட்டல் வேலைக்குப் போகும் கணேசனால் இரண்டு பேரையும் சமாளிக்க முடியவில்லை. ராமாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் மகேஸ்வரி வந்தாள்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறனுங்கப்பா. நீங்க நல்லா நடந்ததும் கொண்டாந்து உட்டர்றேன்."

அந்தப் பேச்சை நம்பித்தான் ஜடையன் நடந்தார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் மனிஷா, கன்னடமும் தமிழுமாக, "சாக்கு தாத்தா, இன்னிக்கு இது போதும்" என்று தடுத்தாலும் கேட்கமாட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாகப் போய்வருவார். கால் வீங்கிப்போகும். குளியலறை வாசலுக்கு வந்தால் மட்டும் நின்றுவிடுவார். கணேசன் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே கால் வைப்பார்.

மழைக்காலம் முடியும் சமயம் கணேசன் அவரை மாடி வீட்டிலிருந்து தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு கூடிவிட்டது என்றார்.

"அப்ப வாக்கர உட்டறலாமுங்களா?"

"வேண்டாம். இந்த வயசுல இவ்வளவு நடக்கறதே பெரிசு. இன்னொருத்தரைத் தூக்கறது, பிடிக்கறது எல்லாம் இனிமே கூடாது."

ஜடையன் வாக்கரைப் பிடித்து எழுந்தார்.

தீபாவளிக்கு மகேஸ்வரி அம்மாவை அழைத்துவந்தாள். மாரக்காள் சற்றுச் சதை போட்டிருந்தாள். வாக்கரை ஊன்றி ஊன்றி எதிரே வந்தவரைக் கண்டு மிரண்டு, மகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஆருடி இவரு?"

"அப்பாம்மா. நல்லாப் பாரு."

மத்தியானம் அவர் சோறு பிசைந்து நீட்டினார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதே சோற்றை மகள் ஊட்டியதும் வாங்கிக்கொண்டாள்.

"நாலு நாளு இருந்தா பழகீருமுங்கப்பா."

"வேண்டாஞ்சாமி. உன்னோடயே இருக்கட்டும். இங்க உளுந்தா நான் எப்படித் தூக்குவேன்?"

மறுநாள் ஆட்டோ வந்தது. மாடியிலிருந்து இறங்க முடியாமல் ஜடையன் உள்ளேயே நின்றார். மாரக்காள் படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த முறை மனிஷா வந்தபோது அவர் கட்டிலைவிட்டு எழவில்லை.

"இனி வராத கண்ணு."

"நடக்காம இருந்தா கால்ல இருக்கற பலமும் போயிடும் தாத்தா."

"தெரியுது" என்றார். அவள் வாக்கரைக் கைக்கெட்டும்படி கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைத் தொடவே இல்லை.