சத்திரத்துக்குப் போன பாட்டில்கள்

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். திண்டிவனத்திலிருந்து என்னை விழுப்புரத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை நகராட்சி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மனுஷன் ஏற்கெனவே ஒரு கூட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவர் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

ரயிலடிக்கு எதிரே பழைய சத்திரத்தில் வீடுவாசல் இல்லாதவர்கள் ஒண்டிக்கிடந்தார்கள். அவர்களுக்கு மருந்து கொடுக்க நகராட்சி சாயங்காலம்தோறும் இவரை அனுப்பியது. அப்போதெல்லாம் தண்ணி மருந்து வாங்கப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ரோட்டில் கிடப்பவர்களுக்குப் பாட்டில் ஏது? என் வீட்டிலிருந்து போயின. முதலில் தேங்காயெண்ணெய் பாட்டில், பிறகு தேன் பாட்டில், கடைசியில் என் அம்மா சீராகக் கொடுத்த பன்னீர் பாட்டில். கேட்டால், "நல்லா கழுவிட்டுதான் எடுத்துக்கினு போனேன்" என்பார். நான் அதையா கேட்டேன்!

சக்களத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருப்பேன். ஒரு சத்திரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

இந்த வேளையில்தான் என் பெரியப்பா மகன் வந்தார். விழுப்புரத்திலேயே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தவர், நகராட்சி கவுன்சிலர்.

"சத்திரத்துல சும்மா மருந்து குடுக்கப்போயி கண்ட ஊர்க்காரனும் இங்க வந்து எறங்குறான்னு பேஜாரு பண்றாங்கம்மா. நிறுத்தணும்னு பாதிப் பேரு, வேணும்னு பாதிப் பேரு. நான் கை தூக்குற பக்கந்தான் ஜெயிக்கும். மாப்பிள்ளை தெனம் இருட்டினப்புறந்தான் ஊட்டுக்கு வர்றாராமே. நீ இன்னா சொல்ற, நிறுத்திடலாமா?"

காதில் தேன் பாய்ந்தது. ஆனாலும் அவர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. "நாளைக்குச் சொல்றேன் அண்ணே" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் போய்த் தூண் மறைவில் நின்றேன். என் வயதுப் பெண் ஒருத்தி. அவள் காலை இவர் மடிமேல் வைத்துக்கொண்டு புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சாப்ட?"

"கேப்பைக் கூழுங்க."

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"வெறும் கூழா குடிச்ச?" என்றபோது இவர் முகம் வாடிப்போனது.

என்னை ஒருநாளும் 'இன்னா சாப்ட' என்று கேட்டதில்லை அவர். அப்படியே திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தேன்.

வழியெல்லாம் யோசித்தேன். நிறுத்திவிட்டால் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளுக்கு யார் கட்டுப் போடுவார்கள் என்றே உட்கார்ந்திருப்பார். இப்போது எனக்கென்று மிஞ்சுகிற கொஞ்ச நேரமும் அவளுக்குப் போய்விடும். அந்தப் புண்ணும் கண்ணை விட்டுப் போகவில்லை, அது வேறு.

பதில் கேட்க அண்ணன் வந்ததும், "நடக்கட்டும் அண்ணே," என்றேன். "நான் சொன்னேன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க."

நகராட்சிக் கூட்டம் நடந்த அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. பிற்பகலில் அண்ணன் வந்து, "நிறுத்தல மாப்பிள்ளை, நடக்குது" என்றார். இவர் கண் கலங்கிவிட்டது. "ஒங்கள மறக்கமாட்டேன் மச்சான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். இனி இவர் என் பக்கம் திரும்புவார், எனக்கும் ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் நின்றேன்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, காபி…"

"வந்து குடிக்கிறேன். அவங்ககிட்ட சொல்லிட்டு ஓடியாந்துர்றேன்."

வாசலில் போய்ப் பார்த்தேன். நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தார். என்னிடம் அப்படி ஒருநாளும் ஓடி வந்ததில்லை.