வாத்தியாரம்மாவின் வலது கால்

ஊரில் ஒருத்தருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பது வாத்தியாரம்மாவின் முடிந்த முடிவு. இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள் சொல்லுகிறாள், மறுப்பதற்கு யாருக்குத் துணிச்சல் உண்டு? காலையில் பயிற்சிப் பள்ளியின் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே நாற்சந்தி. கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் பத்துப் பேரைத் திட்டி முடித்துவிடுவாள். இடது பக்கம் இன்டிகேட்டர் போட்டுவிட்டு நேரே போகிற தடியன், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வளைகிற மேதாவி, சிவப்பு விழுந்த பிறகும் முன்னால் போனவனின் வாலைப் பிடித்துக்கொண்டு நுழைகிற சீமாட்டி. "மாடுகூட நின்னு பாத்துட்டுப் போகும். இதுங்களைப் பாரு" என்பாள், கேட்க ஆளே இல்லாவிட்டாலும்.

பள்ளி என்பது ஒரே ஓர் அறை. மேஜைமேல் திருப்பங்களை விளக்குவதற்கு நான்கு பொம்மைக் கார்கள், அதில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. சுவர் நிறைய, லைசென்ஸை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் பழைய மாணவர்களின் படங்கள். வாசல் பலகையில் பள்ளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'இதுவரை ஒருவர்கூடத் தோற்றதில்லை.' அது பொய்யில்லை.

தேர்வு நடக்கும் முறை இதுதான். மாணவர் ஸ்டியரிங்கில், வாத்தியாரம்மா பக்கத்து இருக்கையில், தேர்வு அதிகாரி பின்னால். வண்டியும் பள்ளியின் வண்டிதான். வாத்தியாரம்மாவின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. ஆபத்து வந்தால் அவள் மிதிக்கலாம், மிதித்தால் தேர்வு அதோடு போச்சு என்று சட்டம். அதிகாரி மகா புத்திசாலி. ஏறி உட்கார்ந்ததும் மடியில் ஃபைலைத் திறந்துகொள்வார், இறங்கும்போதுதான் மூடுவார். நடுவில் சாலை என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. "அந்தாளுக்கு ரோடும் தெரியாது, ரூலும் தெரியாது" என்று வாத்தியாரம்மா அவரையும் தன் கணக்கில்தான் சேர்த்திருந்தாள்.

இந்த நிம்மதியில் கல்லைப் போட வந்து சேர்ந்தான் தம்பி. நாலு நாட்டில் லாரி ஓட்டியவன். வந்த மூன்றாம் நாளே அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டான்.

"மொத நாட்டுல ரோடு ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும்க்கா. நூத்தம்பதுல போவானுங்க, மடியில பச்சப் புள்ளையை வச்சுக்கிட்டு. பெல்ட்டுன்னா சிரிப்பானுங்க. ரெண்டாவது நாட்டுல ஹாரன் அடிச்சா அவன் அம்மாவையே திட்டின மாதிரி பாப்பான். மூணாவது மலை. மேல ஏறி வர்றவனுக்குக் கீழ எறங்கறவன் வழி விடுவான், போலீசே வேணாம். நாலாவது நாட்டுல மட்டுந்தான் படிப்பு. நாப்பது கேள்வி. மழையில பிரேக் போட்டா எத்தனை மீட்டர் தள்ளி நிக்கும்னு கேப்பான்."

"நீ பாஸ் பண்ணியா?"

"பண்ணேன்." மூன்றாவது முறை என்பதை அவன் மென்று விழுங்கிவிட்டான்.

பயிற்சிக்கு வந்த ஜவுளிக்கடைக்காரரிடம் அந்த மழைக் கேள்வியைக் கேட்டும் பார்த்தான். "நிக்கற வரைக்கும் தள்ளித்தான் நிக்கும்" என்றார் அவர். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். வாத்தியாரம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இன்னொண்ணு கேளுக்கா. அங்க வாத்தியார் பிரேக்கை மிதிச்சா மணி அடிக்கும். பின்னால இருக்கறவனுக்குத் தெரியணும்ல?"

"கார்ல மணியா? எதுக்கு, பீரியட் முடிஞ்சுதுன்னா? போடா, வெளிநாட்டுப் பீத்தலைத் தூக்கிட்டு வந்துட்டான்."

அவளுக்கு அப்போது வேறு கவலை. ஒரே மகள் நர்ஸ். அந்த நாலாவது நாட்டில்தான் வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகக் காரில் போய்ப் படுக்கையிலிருக்கும் முதியவர்களைக் கவனிக்கும் வேலை, முதல் நாளிலிருந்தே தனியாக ஓட்ட வேண்டும். இங்கே வாங்கும் லைசென்ஸ் அங்கே ஒரு வருடம் செல்லும். ஐந்து வாரத்தில் விமானம், வெள்ளிக்கிழமை தேர்வு. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை. மகளோ அம்மாவின் வண்டியில் இரண்டு மாதமாக வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என் வண்டியில ஒரு தடவை ஓட்டச் சொல்லேன்" என்றான் தம்பி. அவன் வாங்கியிருந்த பழைய கார், பிரேக் ஒன்றே ஒன்று. அவன் மூக்கை உடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று வாத்தியாரம்மா உடனே சம்மதித்தாள்.

ஞாயிறு காலை கிளம்பினார்கள். அம்மா முன்னால், மாமா பின்னால். மகள் கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட் போட்டாள், கியர் மாற்றியது யாருக்கும் தெரியவில்லை. வாத்தியாரம்மா திரும்பித் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவனும் வாயை மூடிக்கொண்டுதான் வந்தான்.

ஆஸ்பத்திரி வாசல் வரை. அங்கே பாதசாரிக் கோடுகளின் மேல் ஒரு பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். மகள் பார்த்துவிட்டாள், காலையும் பிரேக்குக்குக் கொண்டுபோய்விட்டாள். ஆனால் வண்டி நிற்கவில்லை. வேகம் குறைந்ததே தவிர உருண்டுகொண்டே போயிற்று. வாத்தியாரம்மாவின் வலது கால் தரை விரிப்பை ஓங்கி மிதித்தது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் மிதித்தாள். பின்னாலிருந்து தம்பி பாய்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குகிறாற்போல இழுத்தான். வண்டி கோணலாக நின்றபோது சக்கர நாற்காலிக்கும் பம்பருக்கும் ஒரு சாண்தான்.

"கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்று கத்திவிட்டு அந்தப் பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதில் இருந்த கிழவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டி பிரேக் போடலை?"

"போட்டேம்மா. எப்பவும் போடற மாதிரிதான் போட்டேன்." மகள் அதேபோல இன்னொரு தடவை மெல்ல மிதித்துக் காட்டினாள். "நம்ம வண்டின்னா நின்னுருக்கும்."

தம்பி குத்திக்காட்டவில்லை. அவன் குத்திக்காட்டியிருந்தால் தேவலை. குனிந்து அக்காவின் காலைப் பார்த்தான். அது இன்னும் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடுக்கா. அங்க ஒண்ணும் இல்லை" என்றான் மெதுவாக.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்டிகேட்டரை மறந்த சாம்பல் நிறக் கார் போயிற்று. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. அதை ஓட்டிப் போனவன் உள்ளே சுவர்ப் படங்களில் மூன்றாவது வரிசையில் இருந்தான். போனில் பேசிக்கொண்டு வளைந்தவள், ஜன்னலுக்கு மேலே. இருபத்திரண்டு வருடமாக இதுகளுக்குப் பதிலாகப் பிரேக் போட்டுப் போட்டு, நின்றது தாங்கள்தான் என்று நம்ப வைத்துத் தெருவில் விட்டவள் யார்? தனக்கே தெரியாமல் மிதித்திருக்கிறாள், தேர்வு நாட்களிலும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் கிழவரின் முகம் நினைவுக்கு வந்து பயமாக இருந்தது. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

"பிரேக்குல மணியா? பிஸினஸ் படுத்துடும்க்கா" என்றான் மெக்கானிக். சொன்னாலும், ஒரு வீட்டின் அழைப்புமணியைக் கொண்டுவந்து அவள் பெடலோடு இணைத்துவிட்டான். ஜவுளிக்கடைக்காரரின் அரை மணிப் பயிற்சியில் அது பத்தொன்பது தடவை அடித்தது.

"மேடம், வண்டியில ஏதோ கோளாறு."

"ஆமா. ரொம்ப நாளாவே" என்றாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஏறியதும் அவளே சொல்லிவிட்டாள், மணி அடித்தால் தோல்வி என்று. அவர் அவளை விசித்திரமாகப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார். நாலு நாள் மாமாவின் வண்டியிலேயே பழகியிருந்த மகள் அழுத்தமாக, சரியாக ஓட்டினாள். அதே ஆஸ்பத்திரி வாசல். கோடுகளுக்கு முன்னால் மகள் மிதித்தாள், வண்டி நிற்கத் தொடங்கியது. அப்போது மணி அடித்தது.

வாத்தியாரம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"எனக்கு எதுவும் கேக்கலை மேடம்" என்றார் அதிகாரி, ஃபைலைவிட்டுக் கண்ணெடுக்காமல். "உங்க பொண்ணாச்சே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருடமாக இந்த ஆள் எதையும் பார்க்காமல், கேட்காமல் இருந்திருக்கிறார்! அவரைத் திட்ட வாயெடுத்தவள், திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குக் கேட்டுச்சு. ஃபெயில் போடுங்க."

வீடு வரை மகளே ஓட்டி வந்தாள். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்த பிறகுதான் சொன்னாள். "நான் நின்னுட்டுத்தாம்மா இருந்தேன்."

"தெரியும்."

"அடுத்த தடவை மாமா உக்காரட்டும். நீ வேண்டாம்."

விமானத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டாவது தேர்வு கிடைத்தது. தம்பி அவளுடைய இருக்கையில் ஏறி, இரண்டு காலையும் பின்னால் மடக்கிக்கொண்டான். அதிகாரி ஏறினார். வண்டி கிளம்பி நாற்சந்தியைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போயிற்று. வாத்தியாரம்மா வாசலில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்கே போன ஒரு ஸ்கூட்டர்காரனைக்கூட அவள் திட்டவில்லை. தூரத்தில், கோடுகளுக்கு முன்னால், பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. வண்டி நின்றது. யாரோ ஒருவர் நிதானமாகச் சாலையைக் கடந்து போனார்.

அவளுடைய வலது கால் வாசல் சிமெண்டை அழுத்திக்கொண்டே இருந்தது.