படத்தில் இல்லாத பலகை

அந்தப் பலகையை அழித்தது நீங்கள்தான். காற்று அதைச் சாய்க்கவில்லை. மாடு முட்டித் தள்ளவில்லை. பலகை இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. உங்கள் படத்தில் மட்டும் இல்லை.

கோவையிலும் பக்கத்து மலைகளிலும் படம் எடுக்கத் தோதான இடங்களைக் காட்டுகிறோம் என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறீர்கள். ஏகப்பட்ட பேர் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். சிங்காநல்லூரில், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார். பெங்களூரில் வேலை, இரண்டு நாள்தான் விடுப்பு. கல்யாணப் படமெல்லாம் மண்டபத்து விளக்கில் மஞ்சள் பூசினாற்போல் வந்துவிட்டது என்று இருவருக்கும் குறை. ஒரு நாள் ஊருக்குள், ஒரு நாள் மலைப்பக்கம் போய் நாலு நல்ல படம் எடுக்க வேண்டும். காரை நான் ஓட்டுவதாக ஏற்பாடு.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இடம் தேடினோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் விடியற்காலையில் பறவைகள் வரும் என்று நான் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"ஏண்டா, அந்தக் கொளத்துல என்னத்தப் போட்டோப் புடிக்கறது? ஆகாசத்தாமரையையா, கொசுவையா?"

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள் தங்கை. "ஆர்.எஸ்.புரத்துல என் கல்யாணப் பொடவ எடுத்த கடைக்கு முன்னாடி நின்னு ஒரு படம் வேணும். அதே பொடவயக் கட்டிக்கிட்டு."

"கட்டிக்கிட்டு நில்லு அம்மணி. ஆட்டோக்காரன் குறுக்க வந்து நின்னு, எங்கீங்க போகோணும்னு கேப்பான்."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சொன்னபடியே மறுநாள் ஆட்டோக்காரர் வந்து நின்றார், கேட்டார். நாலு படத்தில் மூன்றில் அவர் இருக்கிறார். நல்ல நாள் அது.

மலைப்பக்கத்துக்குத்தான் உங்கள் பக்கத்தைத் திறந்தோம். வால்பாறை வளைவுகள் வேண்டாம், கூட்டம் அதிகம் என்றார் மாப்பிள்ளை. அப்புறம் அந்தப் படம் வந்தது. அகலமான தண்ணீர், பின்னால் நீலமாக மலை, கரையோரம் ஒரு பாறை. ஒரு பெண் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் நிற்கிறாள். கீழே நீங்கள் எழுதியிருந்தது: 'உடுமலைப்பேட்டை பக்கம் யாருக்கும் தெரியாத ஏரி. தண்ணீரில் இறங்கி எடுங்கள், லைக் அள்ளும்.' வழிக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி.

"மச்சான், இங்க போலாமுங்களா?"

"போலாமுங்க மாப்பிள்ளை" என்றேன்.

உடுமலை தாண்டி, புள்ளி காட்டிய வழியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண்தடத்தில் போனோம். தடம் முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம். தண்ணீர் தெரிந்ததும் எனக்கு உறுத்தியது. அது ஏரி மாதிரி இல்லை. அந்தப் பக்கக் கரை எட்டாத தூரத்தில் இருந்தது. அமராவதி அணையின் பின்தண்ணீர்தான் இப்படிப் பரந்து கிடக்கும். அந்த அணைத் தண்ணீரில் முதலை உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மாப்பிள்ளை, இது டேம் தண்ணியாட்ட இருக்குதுங்க" என்றேன்.

"இருந்தா என்னங்க மச்சான்? இதப் பாருங்க." போனை நீட்டினார். "அந்தப் புள்ள எவ்வளவு தைரியமா நிக்குது. ஆபத்துன்னா ஒரு போர்டாவது வெச்சிருக்க மாட்டாங்களா?"

பார்த்தேன். படத்தில் பாறை இருந்தது, தண்ணீர் இருந்தது, பலகை எதுவும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் தெரிந்திருக்கும், இந்த ஊர்க்காரர்தானே. எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவர் கேட்டால் சரிங்க என்பதுதான் பேச்சு. அவரும் அப்படித்தான். வயிறு முட்டிக் கிடந்தாலும் அப்பா இலையில் சோறு வைத்தால் மறுக்காமல் சாப்பிட்டார். கையில் ஆதாரம் இருந்தால் ஒழிய என்னால் வாயைத் திறந்து மறுக்க முடியாது. ஆதாரத்தைத் தேடி உங்கள் படத்தைத்தான் பார்த்தேன்.

"சரிங்க, பாத்து எறங்குங்க" என்றேன்.

மாப்பிள்ளை பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர். தங்கை கையில் கேமரா. உங்கள் படத்தில் இருக்கிற அதே கோணம் வேண்டும் என்று பாறையைச் சுற்றிக்கொண்டு, சீமைக்கருவேலம் புதர் தாண்டி அந்தப் பக்கம் போனாள். நாங்கள் அந்தப் பக்கமாக வரவேயில்லை. புள்ளி எங்களைத் தோப்பு வழியாகப் பின்னாலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தது.

"அண்ணா, இங்க நின்னா ஒரு போர்டு மறைக்குது" என்று கத்தினாள். "அவங்க படத்துல இது இல்லையே!"

"என்ன போர்டு?"

"இரு, துரு புடிச்சிருக்குது, படிக்கறேன். முதலைகள் உள்ளன. தண்ணீரில்..."

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. புருஷனை ஒரு தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், அப்போது அவர் பெயரைச் சொல்லி அலறினாள். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால், ஒரு தென்னைமர நீளத் தூரம்கூட இருக்காது, தென்னை மட்டை மாதிரி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்ததிலிருந்தே அது அங்கே இருந்தது. நானே பார்த்திருந்தேன். தோப்பில் இருந்து விழுந்த மட்டை என்று நினைத்திருந்தேன். அது சத்தமில்லாமல் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. மட்டை அமிழாது.

"மேல வாடா!" என்று கத்தினேன். மாப்பிள்ளையைத்தான்.

அவர் ஓடவில்லை. என்ன சொல்கிறேன் என்று விளங்காமல் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். நானே சேற்றில் இறங்கி, சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். அவருடைய ஒரு செருப்பு சேற்றுக்குள்ளேயே போய்விட்டது. திரும்பிப் பார்க்கும்போது தண்ணீரில் ஒரு அசைவும் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது அந்த இடம்.

காரைத் திருப்பினேன். மாப்பிள்ளை ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். தங்கை அழுதுகொண்டே என்னைக் கேட்டாள்.

"டேம் தண்ணின்னு தெரிஞ்சுதல்ல? ஏண்ணா வேண்டாம்னு சொல்லல?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படி அம்மணி சொல்றது?"

"அவரு போயிருந்தா யாருகிட்ட மரியாத காட்டியிருப்ப?"

மாப்பிள்ளைதான் அவளைத் தடுத்தார். "உடு, போதும்" என்றார் அவளிடம். "மச்சான், இனிமே என்ன வாடா போடான்னே கூப்புடுங்க. தோணுச்சுன்னா ரெண்டு அறைகூட உட்டுருங்க."

வீட்டுக்கு வந்து, பலகையைப் படிக்கும் முன்பே தங்கை எடுத்திருந்த படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே இடம், ஒரே கோணம். எங்கள் படத்தில் பலகை இருக்கிறது. உங்கள் படத்தில் அந்த இடத்தில் புல் இருக்கிறது. ஆனால் புல்லுக்குக் கீழே ஈரமண்ணில் இரண்டு கால் ஊன்றிய ஒரு சதுர நிழல் விழுந்து கிடக்கிறது. பலகையை அழித்தவர் அதன் நிழலை அழிக்க மறந்துவிட்டீர்கள். அதுவரைக்கும், இவர்களுக்கும் தெரியாமல் போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு படத்தையும், ஒன்று என் தங்கை எடுத்தது என்று எழுதி, உங்கள் பதிவுக்குக் கீழே போட்டேன். கொஞ்ச நேரத்தில் காணவில்லை. மறுபடியும் போட்டேன், மறுபடியும் காணவில்லை. பிறகு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினீர்கள். 'அண்ணா, ஃப்ரேம் க்ளீனா இருக்கணும்னு எடிட் பண்ணினோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? உங்க தங்கச்சி எடுத்த படம் சூப்பர், நம்ம பேஜ்ல போட்டுக்கட்டுமா?'

ஒன்றும் ஆகவில்லையாம். என் தங்கை எடுத்த படத்தைக் கேட்கிறீர்கள். அதிலும் பலகையை அழித்துவிட்டுத்தானே போடுவீர்கள்?

அந்தப் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. நேற்று ஒரு பெண் அதற்குக் கீழே கேட்டிருக்கிறார்: 'பள்ளி லீவுக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போலாமா? தண்ணி ஆழமா இருக்குமா?' நீங்கள் அதற்கு ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான். நான் அவருக்கு எழுதியதையும் எடுத்துவிட்டீர்கள்.

எனக்கு இனிமேல் தனியாக எதுவும் அனுப்பாதீர்கள். அந்த அம்மாவுக்கு, அங்கேயே, அவர் கேள்விக்கு அடியிலேயே, வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கும்படி பதில் எழுதுங்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? அவர் பிள்ளைகளை இறக்கலாமா, கூடாதா? சொல்லுங்கள்.