ஜன்னலக்காவின் சிபாரிசு

ஜன்னலக்காவுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கம்ப்யூட்டர்களில் திறக்கிற ஜன்னல்கள் அத்தனையையும் எழுதியவள் அவள் என்பதால், யாரோ விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அழைப்பு வந்தால் ஒரு ஜன்னல், முகவரிக்கு ஒன்று, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்ட இன்னொன்று. எல்லாமே சாம்பல் நிறம். கொஞ்சம் கலர் போடக்கூடாதா என்று யாராவது கேட்டால், "அங்க ஒருத்தருக்கு மூச்சு வாங்குது, உங்களுக்குக் கலர் கேக்குதா?" என்பாள். கேட்டவர் காபி குடிக்கப் போய்விடுவார்.

சாஃப்ட்வேருக்கும் வயதாகும். அவள் எந்த ஃபிரேம்வொர்க்கை நம்பி எழுதினாளோ, அதைச் செய்த கம்பெனி எப்போதோ அதைக் கைகழுவிவிட்டது. ஜன்னல், பொத்தான், எழுதும் கட்டம் என்று கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் திரையில் வரைந்து கொடுப்பது அதுதான். அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் பாதி ஓடியது, பாதி மக்கர் செய்தது. இனி எதில் எழுதுவது என்று பார்த்துச் சொல்லும் வேலையை இயக்குநர் இரண்டு பேர் தலையில் கட்டினார். ஒருத்தி ஜன்னலக்கா. இன்னொருவன் தாடி. அவனும் புரோகிராமர்தான், முப்பதைத் தொடாதவன், கெட்டிக்காரன். கர்வம் மட்டும் இருந்திருந்தால் அவனை வெறுக்கவாவது முடிந்திருக்கும். அதுவும் இல்லை.

தாடி பிடித்த வழி இணையப் பக்கங்களைச் செய்கிற அதே வித்தையில் கம்ப்யூட்டர் ஜன்னல்களைச் செய்வது. அழகாக இருக்கும், அதையே போனிலும் ஓட்டலாம், அந்த வேலை தெரிந்த ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஜன்னலக்கா பிடித்தது பழைய ஃபிரேம்வொர்க்கின் வழியில் வந்த புதியது ஒன்று. அது அவளுக்கு அத்துப்படி. தாடியின் வித்தை அவளுக்குத் தெரியாது, இந்த வயதில் கற்றுக்கொடுக்கவும் யாரும் காத்திருக்கவில்லை. தாடியின் வழி ஜெயித்தால், பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யும் பிரிவுக்குத்தான் அவளை அனுப்புவார்கள். அங்கே ஜன்னலே கிடையாது, சுவரிலும் கிடையாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு மாதிரிகளையும் கட்டுப்பாட்டு அறையில் வைத்துக் காட்டினார்கள். தாடியின் திரையைச் சுற்றிக் கூட்டம். வரைபடத்தில் வண்டிகள் நகர்ந்தன, எழுத்துகள் பெரிதாகத் தெளிவாக இருந்தன. ஜன்னலக்காவின் திரையை இரண்டு பேர் பார்த்தார்கள், அதில் ஒருவர் மரியாதைக்குப் பார்த்தவர். "நல்லாத்தான் இருக்கு தம்பி உன்னோடது," என்று தாடியிடம் சொன்னாள். உண்மையாகத்தான் சொன்னாள், அவளுக்கே அது பிடித்திருந்தது. வயிறு எரிந்ததும் உண்மை.

பிறகு ஒத்திகை அழைப்புகள் தொடங்கின. ஜன்னலக்கா பக்கத்து அறையிலிருந்து போனில் பேச, மூன்றாம் மேசையில் அழைப்பு எடுக்கும் பெண் தாடியின் மாதிரியில் எழுதிக்கொண்டாள்.

"சீக்கிரம் வாங்க, எங்கப்பா விழுந்துட்டாரு!"

"பதறாதீங்க. வீட்டு நம்பர் சொல்லுங்க."

"நூத்திப் பதினாலு."

முடிந்ததும் ஜன்னலக்கா வந்து திரையைப் பார்த்தாள். 14 என்று இருந்தது.

மூன்றாம் மேசைப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் சரியாத்தான் அடிச்சேன்க்கா," என்றாள். மறுபடி செய்தார்கள். சில தடவை சரியாக வந்தது, சில தடவை முதல் எண் காணாமல் போனது.

விஷயம் இதுதான். அந்த அறையில் யாரும் திரையைப் பார்த்து எழுதுவதில்லை. காதில் அலறல், வாயில் ஆறுதல், விரல்கள் அவை பாட்டுக்கு அடிக்கும். முகவரி ஜன்னலுக்கான விசையைத் தட்டிய கையோடு எண்ணை அடித்துவிடுவார்கள். ஜன்னல் வந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை. பழையதில் எழுத்துகள் வரிசையில் நின்று, ஜன்னல் திறந்ததும் உள்ளே போய்விடும். அது ஜன்னலக்காவின் சாமர்த்தியம் அல்ல, அந்த ஃபிரேம்வொர்க்கின் இயல்பு. அப்படி ஒன்று நடப்பது இத்தனை வருஷம் அவளுக்கே தெரியாது. தாடியின் மாதிரியில் ஜன்னல் வரக் கண்சிமிட்டும் நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் அடித்தது எங்கும் போய்ச் சேரவில்லை. நூற்றுப் பதினாலில் ஒருவர் தரையில் கிடக்க, வண்டி பதினாலாம் நம்பர் வாசலில் போய் நிற்கும்.

தாடி அதைப் பூசி மெழுகவில்லை. ஜன்னலை முன்கூட்டியே திறந்து ஒளித்து வைத்தான், விசைகளைத் தனியாகப் பிடித்து வைத்தான். அவனுடைய கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. கட்டுப்பாட்டு அறையின் களைத்துப்போன கம்ப்யூட்டர்களில், நாலைந்து அழைப்புகள் ஒன்றாக வந்தபோது, எப்போதாவது ஒன்று தவறியது. ஜன்னலக்காவின் மாதிரியில் எதுவும் தவறவில்லை.

இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர்.

"எப்பவாவதுதானே மேடம்? ஸ்கிரீனைப் பாத்து அடிக்கச் சொல்லிப் பழக்கிடலாமே."

"அலறலைக் கேட்டுட்டே எப்படி சார் பாத்து அடிப்பாங்க?"

"பழகிடுவாங்க. நாமகூடப் பழகலையா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். தெரிஞ்சதுமேல ஒரு பாசம் இருக்கும். மனுஷ இயல்பு. ஒரு வாரத்துல உங்க சிபாரிசை எழுதிக் கொடுங்க, பாக்கலாம்," என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சொல்கிற எதையும் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

வீட்டில் கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் டிரைவராக இருந்தவர். கண் மங்கியதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அடுப்படியைப் பிடித்துக்கொண்டவர். அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லு," என்றார். "அந்தத் தாடியோடதும் உனக்குத் தெரிஞ்சிருந்தா, அப்பவும் இதைத்தான் சொல்வியா?"

"என்னங்க, நீங்களுமா?"

"சும்மா கேக்குறேன்."

"சொல்வேன்," என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. பயந்துபோன மனசு தனக்குச் சாதகமானதைத்தான் நியாயம் என்று காட்டுகிறதோ? அவள் சொல்வதே சரியாக இருந்து, அதில் அவள் வேலையும் பிழைக்கும் என்கிற ஒரே காரணத்தால் யாரும் கேட்காமல் போனால்? வாரம் முழுக்க இதையே அரைத்துக்கொண்டிருந்தாள். உப்பில்லாத பொரியலைப் பேசாமல் சாப்பிட்டாள். வம்புக்காகவே உப்புப் போடாமல் பார்த்த கணவர், அதற்குப் பிறகு கிண்டலை விட்டுவிட்டார்.

கெடு முடிகிற அன்று காலை சிபாரிசை எழுதினாள். தன் வழியைத்தான் எழுதினாள், காரணங்களை விளக்கினாள், தாடியின் மாதிரி எதிலெல்லாம் மேல் என்பதையும் மறைக்காமல் எழுதினாள். கடைசியில் இப்படிச் சேர்த்தாள்: இந்தப் புது ஜன்னல்களை நான் எழுதப்போவதில்லை. தாடியே கற்றுக்கொண்டு எழுதட்டும், அவரால் முடியும். எந்த வழியை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் என்னை ஸ்கேன் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்.

தாடி அதைப் படித்துவிட்டு ஓடிவந்தான். "என்னக்கா இது? வேணாம்க்கா, கிழிச்சுப் போடுங்க. நான் வேணா என்னோடதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"நீ வாங்கிட்டா நான் அழுது வாங்கினதா ஆயிடும் தம்பி. போ, வேலையப் பாரு."

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். காகிதம் மேசைமேல் இருந்தது. இரண்டு முறை படித்தேன் என்றார். எழுந்து நின்றார், இதுவரை அவளுக்காக அவர் எழுந்ததில்லை.

"நீங்க சொன்ன வழியிலேயே போகலாம் மேடம். மாத்தலுக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன், நீங்க கேட்டபடியே." பிறகு, கண்ணில் ஈரத்தோடு, மனதாரச் சொன்னார்: "இப்ப நம்புறேன்."

"நன்றி சார்," என்றாள்.

மேசையைக் காலி செய்தாள். தாடி பெட்டியைத் தூக்கி வந்து கொடுத்தான், இரண்டு பேரும் ஏதோ பஸ் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னோடதை எடுத்துக்கலையா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கிட்டாங்க."

"அப்புறம் என்ன? மாத்திட்டாங்கன்னு வருத்தமா?"

"அது நான் கேட்டதுதானேங்க." செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "இப்ப நம்புறேன்னாரு. இத்தனை வருஷம் கழிச்சு, இப்ப நம்புறாராம்," என்று சொல்லிவிட்டு அழுதாள்.