அம்புக்குறி ஒட்டிய சட்டைப் பை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலர், கை, பட்டன், உள்தையல் எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. அம்பு எதைக் காட்டுகிறதோ அதை அடுத்த மேஜைக்காரர்கள் சரிசெய்ய வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. இத்தனை வருடம் இப்படிப் பார்த்துப் பழகிய கண் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்குப் போனால் பெண்ணின் முகத்துக்கு முன்னால் அவள் ரவிக்கையின் தோள் தையலைத்தான் பார்ப்பேன். கட்டைப் பிரித்துக் காட்டாமல் என்னிடம் யாரும் கீரை விற்றதில்லை. "உன்கிட்ட நான் பாஸாவறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் போன அடுத்த வருடம், மண்ணூர்பேட்டை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை என் மகள் ஒரு போன் குழுவில் சேர்த்துவிட்டாள். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களின் குழு அது. துண்டுத் துணிகளை வெட்டி இணைத்து, அடியில் பஞ்சு விரிப்பு வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பார்கள். வெளியூர் ஆட்களும் உண்டு. ஆனால் பேச்சும் சிரிப்பும் முக்கால்வாசி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆட்களுடையதுதான்.

குழுவை ஆரம்பித்த ஆவடி அம்மாள் ஞாயிறு காலையில் 'வாரச் செய்தி' என்று குரல் பதிவு போடுவார். வானொலியில் செய்தி வாசிப்பவர்போலத் தொண்டையைச் செருமிக்கொள்வார். "திருமுல்லைவாயில் உறுப்பினர் போர்வையோடு சேர்த்துத் தன் நைட்டியையும் தைத்துவிட்டார். எழுந்திருக்க முடியாமல் கணவரைக் கூப்பிட்டார். கணவர் முதலில் போட்டோ எடுத்தார், பிறகுதான் கத்தரிக்கோல் எடுத்தார்." இன்னொரு வாரம், "பட்டாபிராம் உறுப்பினர் இரண்டு மாதம் தைத்த போர்வையைக் கொழுந்தனார் பைக்குக்கு உறையாகப் போட்டுவிட்டார். பைக் நலமாக இருக்கிறது." எல்லாரும் சிரிப்புப் படம் போடுவார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் அந்த நைட்டிப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மிஷின் ஊசி மேலே தூக்கித்தானே இருக்கிறது, பிறகு எப்படி மாட்டிக்கொண்டாள்?

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு துண்டைத் திருப்பி வைத்துத் தைப்பார்கள், திருஷ்டிக்காக. நல்ல வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருடைய போர்வையில் நான் தப்பைச் சுட்டிக்காட்டினாலும் "அது திருஷ்டிக்குக்கா" என்று பதில் வரும். ஒரே போர்வையில் ஏழு திருஷ்டி எண்ணியிருக்கிறேன். அதையும் எழுதினேன்.

அந்தக் குழுவில்தான் 'ஊர்சுத்தி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நான்கு நான்கு பேராகப் பிரிந்துகொள்ள வேண்டும். அவரவர் ஒரு நடுத்துண்டு செய்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைச் சுற்றி ஒரு வரிசை சேர்த்து அடுத்தவருக்குத் தருவார். மூன்று வீடு சுற்றி, போர்வையாகத் திரும்பி வரும். கையை விட்டுப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை சொந்தக்காரர் பார்க்கக் கூடாது, யாரும் போட்டோ போடவும் கூடாது. என் பொருள், என்னையே பார்க்கக் கூடாது என்கிறார்கள். இந்த விதியே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் சேர்ந்தேன். எங்கள் நான்கு பேரில் என்னிடமிருந்து ஆவடி அம்மாளுக்கு, அங்கிருந்து பூந்தமல்லி அடுக்குமாடியில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரப் பெண்ணுக்கு, கடைசியாகக் காட்டுப்பாக்கத்தில் ஒருத்திக்கு, பிறகு என் வீட்டுக்கு.

என் நடுத்துண்டு அவருடைய சட்டை. பாடியில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் லாரிகளுக்குப் பாஸ் எழுதும் வேலை அவருக்கு. நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். ஜெல் பேனாவை மூடாமல் பைக்குள் செருகுவார், எடுப்பார், செருகுவார். வெளிர்நீலச் சீருடையின் பையில் எப்போதும் மைக்கறை. தினமும் காலையில், "பேனாவ மூடி வைய்யா, துணி பாழாப்போவுது" என்று நான் கத்துவேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இருக்கட்டும், வுடு" என்பார். அந்தக் கறையை எடுக்க எலுமிச்சம்பழம், உப்பு, பால் என்று நான் செய்யாத வைத்தியம் இல்லை. எடுக்க முடியாமல் நின்றுபோன கடைசிக் கறை அது. அவர் எழுதிய காகிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இந்தக் கறை மட்டும்தான் இருந்தது. அதற்காகவே பையைப் பிரிக்காமல் அப்படியே மார்புத் துணியோடு வெட்டி நடுவில் வைத்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள், வாரச் செய்தியில் வாசித்துவிடுவார்கள் என்று சந்தேகம். ஒரு போட்டோ மட்டும் போட்டுவிட்டு அனுப்பினேன்.

ஆவடி முடிந்தது, பூந்தமல்லி முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காட்டுப்பாக்கத்தவள் குழுவில் எழுதினாள்: "மண்ணூர்பேட்டை அக்காவோடது வந்துச்சு. ஜம்முனு கீது." ஒன்பது நாள் கழித்து வாரச் செய்தியில் ஆவடி அம்மாள், நடுத்துண்டு என்ன துணி என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார். எல்லாரும் எழுதினார்கள். நானும் ஏதோ ஒரு வேகத்தில், "அது என் வீட்டுக்காரர் சட்டை. அந்த மை அவர் பேனா மை. அதுக்காகத்தான் வெச்சேன்" என்று எழுதிவிட்டேன். நினைத்தபடியே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. காட்டுப்பாக்கத்தவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். அவள் எழுதிய "ஜம்முனு கீது" இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்று இருந்தது.

தப்புத் தையலைப் பிரித்துவிட்டால் ஊசி போன துளை காட்டிக்கொடுக்கும். அழித்த செய்தியும் அப்படித்தான். தனியாகக் கேட்டேன். "கூரியர் இன்னும் வரலக்கா" என்றாள். பூந்தமல்லிப் பெண்ணைக் கேட்டேன். "ஏனுங்க்கா, நான் அனுப்பி அவங்க கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சுங்களே" என்று ரசீதையே அனுப்பினாள். ரசீதைக் காட்டிக் கேட்டபோது காட்டுப்பாக்கத்தவள், "ஆமாக்கா, வந்துகீது, பிரிச்சுப் பாக்கல" என்றாள். மூன்றாம் வாரம் உடம்பு சரியில்லை. ஐந்தாம் வாரம் மிஷின் ரிப்பேர். ஒரு நாள் அவளாகவே எழுதினாள்: "அக்கா, அந்தப் பை போட்டோ கிட்டத்துல எடுத்தது இருந்தா அனுப்புறியா?"

பொருள் அவள் கையில் இருக்கிறது. பிறகு போட்டோ எதற்கு? அன்று முழுக்க எனக்கு வேறு சிந்தனை இல்லை. தொலைத்துவிட்டாள், அதேபோல ஒன்று செய்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். அல்லது கண்காட்சியில் விற்றுவிட்டிருப்பாள். ஆவடி அம்மாளிடம் சொன்னேன். "உங்களுக்கு எல்லாரும் திருடங்கதான். பொறுங்கம்மா, நல்லாப் பண்ணணும்னு நேரம் எடுக்கறா போல" என்றார். இவரும் கூட்டோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். போட்டோவை மட்டும் அனுப்பினேன், வேண்டுமென்றே. போலியைச் செய்யட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம். இருட்டில் தொட்டால்கூட அவர் பையை எனக்குத் தெரியாதா?

பத்து நாள் பொறுத்தேன். அப்புறம் ரசீதில் இருந்த விலாசத்தை எழுதிக்கொண்டு, சொல்லாமல் கிளம்பினேன். எஸ்டேட்டில் பஸ் ஏறி, போரூரில் மாறி, மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெரிசலில் நின்று நின்று, காட்டுப்பாக்கத்தில் இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. வழியெல்லாம் அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். ஒரு கேள்விகூட மரியாதையானது இல்லை.

கேட்டைத் திறந்ததும் கொடிதான் கண்ணில் பட்டது. வெளிர்நீலத் துணியில் சட்டைப் பைகள், வரிசையாகக் கிளிப் போட்டு. ஒவ்வொன்றிலும் நீல மைக்கறை. வட்டமாக ஒன்று, நீளமாக ஒன்று, ஒழுகி வழிந்தது ஒன்று. போலிகள்! ஒன்றல்ல, பதினைந்துக்குக் குறையாது.

என் மகள் வயதுதான் அவளுக்கு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். குழுவில் போட்டோவில் பார்த்த முகம்தானே, உடனே தெரிந்துகொண்டாள்.

"எங்கம்மே என் துணி?" என்றேன்.

உள்ளே போய் எடுத்து வந்தாள். போர்வை முழுசாக இருந்தது. மூன்று வரிசையும் சேர்த்து முடித்திருந்தது. அவள் வரிசைதான் மூன்றிலும் அழகு, ஒரு நூல் பிசகவில்லை. நடுவில் அவர் பை. நெருக்கமான தையல், மூலையில் சிறிய முக்கோணம், எல்லாம் அதுவேதான். கறை மட்டும் இல்லை. புதுச் சட்டையாட்டம் சுத்தமாக இருந்தது.

"கறை எங்கடி?" என்று மட்டும் கேட்டேன்.

"நான்தாங்க்கா எடுத்துட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள். "பூந்தமல்லில எக்ஸ்போர்ட் கம்பெனில எட்டு வருசம் கறை எடுக்குற டேபிள்ல இருந்தேங்க்கா. அம்பு எங்க காட்டுதோ அங்க மருந்து அடிச்சு எடுக்கணும், அதான் வேல. நீ அம்பு ஒட்டி அனுப்பிச்சிருந்த. மெனக்கெட்டு நாலு நாள் ஊற வெச்சு எடுத்தேன். அக்கா சந்தோசப்படும்னு நெனச்சிகினு இருந்தேன். அப்பறம் நீ குரூப்ல எய்துன."

உள்ளே கூட்டிப்போய், தையல் மிஷினின் மேல்பக்கத்தில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். சின்ன சிவப்பு அம்புக்குறி.

நான்தான் ஒட்டினேன். கம்பெனியிலிருந்து மிஞ்சிய ஸ்டிக்கர் சுருள் என் டப்பாவில் கிடந்தது. பையின் வாய் மேல்பக்கம் இருக்க வேண்டும், யாரும் தலைகீழாக வைத்துத் தைத்துவிடக் கூடாது என்று, அந்த மூன்று பேர் மேலும் நம்பிக்கை இல்லாமல், மேல்நோக்கி ஓர் அம்பு ஒட்டினேன். எங்கே ஒட்டுகிறேன் என்று பார்க்கவில்லை. கை தானாகப் போய்க் கறைக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. ஆவடி அம்மாளும் பூந்தமல்லிப் பெண்ணும் கம்பெனி வேலை பார்த்தவர்கள் இல்லை. கூரியர்க்காரன் ஒட்டியது என்று விட்டிருப்பார்கள். இவள் ஒருத்திக்குத்தான் அது என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தது.

யாரைத் திட்டுவது? வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர் இன்னொரு தடவை போனதுபோல இருந்தது. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொடியருகே போய், பழக்க தோஷம், ஒவ்வொரு பையாகப் பார்த்தேன்.

"ஊத்திப் பாத்தேன், தொட்டு வெச்சுப் பாத்தேன், போட்டோல இருக்கிறாப்புல ஒண்ணும் வரலக்கா" என்றாள். "அத்த மட்டும் வேற மாதிரி செஞ்சேன். பேனாவ மூடாம பையில போட்டுகினு அன்னிக்கு முச்சூடும் ஊட்டு வேல செஞ்சேன்."

அவள் காட்டியது கடைசியில் தொங்கியது. போட்டோவில் இருப்பதற்கும் அதற்கும் வடிவில் சம்பந்தமே இல்லை. ஆனால் அடியில் பேனா முனை இடித்து இடித்து உண்டான பொட்டும், அதிலிருந்து மேலே மெதுவாக ஊறிய நீலமும் எனக்குத் தெரிந்தவை. தினமும் துவைத்தவள் நான்.

"அந்தப் பேனா கீதாம்மே?"

கொண்டுவந்தாள். மூடியைக் கழற்றி அவளிடமே கொடுத்தேன். பேனாவை முனை கீழே இருக்கும்படி அவர் பைக்குள் செருகினேன். அவள் வேண்டாம் என்று தடுக்க வந்து, நின்றுவிட்டாள். போர்வையைப் பை வெளியே தெரியும்படி மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போரூர் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைத் தொட்டாள். "யக்கா, பேனா தொறந்துகினு கீது பாரு. துணி பாழாப்போவுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இருக்கட்டும், வுடு" என்றேன்.