மைசூருக்கு எத்தனை இரவு

2024 மே 14, செவ்வாய்க்கிழமை, காலை மணி 5.40. சேலம் அஸ்தம்பட்டியில் வானம் மூடியிருந்தது. இரவு எட்டுப் பத்துத் துளி விழுந்துவிட்டு நின்றுபோனதில் புழுக்கம்தான் கூடியிருந்தது. நான் அன்றைய இரண்டாவது டம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் டூர் பஸ் டிரைவர் காதர், மைசூரிலிருந்து பேசினார்.

"சார், அஞ்சரைக்கே வண்டி கிளம்பியிருக்கணும். ஒரு அம்மா ஏற மாட்டேன்றாங்க."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க சார். தூங்கணுமாம்."

நாமக்கல்லில் ஒரு டூரிஸ்ட் பஸ் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் டூர் மேனேஜராக இருந்தேன். பயணிகள் பஸ் ஏற மறுத்த காரணங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். செருப்பு காணாமல் போனது, பல்வலி, ஜன்னல் சீட்டுக்காக நாத்தனார்கள் பேச்சை நிறுத்தியது என்று மொத்தம் இருபத்து மூன்று வகை. தூக்கம் அதில் இல்லை. இருபத்து நான்காவதாக எழுதிக்கொண்டேன்.

1. என் வேலை

இப்போது அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஒரு கேள்விதான் கேட்கிறார்கள். ஒரு ஊருக்கு எத்தனை இரவு போடுவது? நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

அந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் நிமிடம் போடுவேன். மைசூர் அரண்மனைக்கு 85 நிமிடம், மிருகக்காட்சி சாலைக்கு 130, சாமுண்டி மலைக்கு 45. முப்பத்தெட்டுப் பேர் பஸ்சிலிருந்து இறங்க எட்டு நிமிடம் ஆகும். ஏறுவதற்குப் பதினொரு நிமிடம், ஏனென்றால் ஏறும்போதுதான் ஆளைத் தேடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் மைசூருக்குப் பகல் ஒன்று, இரவு ஒன்று. அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு வண்டி புறப்பட வேண்டும். இந்தக் கணக்கை யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல நேரம் கொடுத்ததில்லை என்று என் மனைவி சொல்வாள்.

டூரோடு நானே மைசூருக்கு நாற்பத்தாறு முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூடப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை.

2. காலி ஷெட்

ஏற மறுத்த அம்மாவின் பெயர் சரஸ்வதி. கணவர் பொன்னுசாமி. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் சின்னக் கோழிப்பண்ணை, ஒரே ஒரு ஷெட். ஏப்ரல் கடைசியில் இருவரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"பழைய கோழி பேட்ச்சு வித்துப் போயிருச்சுங்க," என்றார் பொன்னுசாமி. "ஷெட்டக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சுட்டு, கொஞ்ச நாளைக்குச் சும்மா உடோணும். புதுக் கோழி இருவத்தி மூணாந்தேதி வருது. அதுக்குள்ள ஒரு ஒம்பது நாள் எங்காச்சும் போயிட்டு வந்தறலாம்னுங்க."

கோழி இருந்தால் ஆள் இருக்க வேண்டும். விடிவதற்குள் தீவனம் போட வேண்டும், தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும், முட்டை எடுக்க வேண்டும். பண்ணை வைத்த பதினாறு வருடத்தில் இந்த இருவரும் சேர்ந்து ஒரு இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் ஒருவர் போவார், ஒருவர் இருப்பார். இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் ஷெட் காலியாவது ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறைதான். அந்த நாட்களும் இதுவரை கூண்டு ரிப்பேரிலேயே போயிருந்தன.

நான் கர்நாடகா டூரைக் காட்டினேன். எட்டு இரவு, ஒன்பது பகல், ஒன்பது ஊர். பொன்னுசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தீவனக் கடையில் நின்று ஒன்பது ஊர்ப் பெயரையும் வரிசையாகச் சொல்லிக்காட்டும் ஆசை அதில் தெரிந்தது.

"ஒரே ஊர்ல குந்திட்டு இருக்கறதுக்கு எங்கூட்லயே குந்திக்கலாமுங்களே," என்றார்.

சரஸ்வதி கிளம்பும்போதுதான் கேட்டார்.

"ஏனுங்க, மைசூர்ல எத்தனை நாளுங்க?"

"ஒரு ராத்திரிம்மா. காலையில அஞ்சரைக்கு வண்டி எடுத்துருவோம். நாலரைக்கு எழுப்பி விட்டுருவாங்க."

"அங்கயும் நாலரைதானுங்களா?"

நேரம் தவறாமையை விரும்புகிறவர் என்று நினைத்து, "நிச்சயமா" என்று உறுதி கொடுத்தேன்.

3. எழுந்திருக்கும் வரைக்கும்

காதர் போனை சரஸ்வதியிடம் கொடுத்தார். எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் மனைவி கமலா அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு வந்து நின்றாள்.

"ஏம்மா, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்லீங்க. நீங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க சாமி. நான் தூங்கோணும்."

"பஸ்லயே தூங்கலாமே. புஷ்பேக் சீட்டும்மா."

"பஸ்ல தூங்குனா அது தூக்கமுங்களா? நாலரைக்குக் கதவத் தட்றாங்க, நானும் எந்திரிச்சு வெளிய வந்து தீவன பக்கெட்டத் தேடறனுங்க. அப்புறந்தான் தெரியுது, இது மைசூருன்னு."

"சரி, ஒரு அரை மணி நேரம் வண்டியை நிறுத்தச் சொல்றேன். எத்தனை மணி நேரம்மா தூங்கணும்?"

"எந்திரிக்கற வரைக்குமுங்க."

என் கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது. கமலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அவங்க கேக்கறது சரிதானே," என்றாள். "நானும் ஒரு தடவை உங்க வண்டில வந்தேன். சாமுண்டி மலையில எனக்கு நாப்பது நிமிஷம் குடுத்தீங்க."

"நாற்பத்தைந்து," என்றேன்.

அடுத்து பொன்னுசாமி பேசினார். அவர் பஸ் படியில் ஒரு கால் வைத்து நிற்கிறார் என்று பின்னாலிருந்து காதர் குரல் கொடுத்தார்.

"உடுங்க. நான் போயிட்டு வாரேனுங்க, அவ இருக்கட்டும். திரும்பறப்ப கூட்டிக்கறேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. இதில் நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னார். இந்த ஒன்பது நாள் போனால் அடுத்த காலி ஷெட் ஒன்றரை வருடம் கழித்துத்தான். அதில் மிச்சமுள்ள எட்டு நாளும் ஒருவர் பஸ்சிலும் ஒருவர் லாட்ஜிலும் இருக்கப்போகிறார்கள். ஆனால் முப்பத்தாறு பேர் சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இருபத்து நான்கு நிமிடம் தாமதம்.

அந்தப் பதற்றத்தில்தான் அதைச் சொன்னேன்.

"காதர், அந்தம்மா இருக்கட்டும். ரூம் வாடகையை நான் பார்த்துக்கறேன்னு லாட்ஜில சொல்லிடு. வண்டியை எடு."

எத்தனை இரவுக்கு என்று நான் கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஒவ்வொரு ஊருக்கும் நான் போட்டுவந்த கணக்கு அது.

4. பை

காலை 8.10-க்கு மறுபடியும் போன். குஷால்நகருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் பஸ் நின்றிருந்தது.

"சார், தலை எண்ணிட்டேன். முப்பத்தாறுதான் வருது."

"யாரு குறையுது?"

"கோழிக்காரரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு. மைசூர் போற பஸ்சுக்குக் கை காட்டிட்டு இருக்காரு. கையில ரெண்டு பை."

போனை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். பொன்னுசாமி மூச்சு வாங்கப் பேசினார்.

"டீ குடிச்சிட்டு இருந்தனுங்க. பக்கத்து சீட்டுக்காரரு, 'எங்கீங்க உங்க வூட்டம்மா'ன்னு கேட்டாருங்க. 'அவ இருக்கறா, கோழியப் பாத்துக்கோணுமல்ல'ன்னு சொல்லிப்போட்டனுங்க. வாயில வந்துருச்சு."

"சரி."

"அவரு கேக்கறாருங்க, 'மைசூர்ல என்னுங்க கோழி?'ன்னு. எனக்கு டீ எறங்கலைங்க. கோழியே இல்லீங்களே! அப்புறம் நான் எதுக்குங்க இந்த பஸ்ல உக்காந்துட்டு இருக்கறேன்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கூச்சம் வந்துவிட்டது போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அதில்லீங்க. ரெண்டு பையும் நேத்தே நாந்தான் டிக்கியில போட்டுட்டேன். அவளுக்கு மாத்துத் துணிகூட இல்லீங்க. பையக் குடுக்கறதுக்குத்தான் போறேன்."

"குடுத்துட்டு?"

"பஸ் வருதுங்க, வெச்சறட்டுங்களா?"

போன் காதரிடம் போய்விட்டது.

"முப்பத்தாறோட கிளம்பட்டுமா சார்?"

"கிளம்பு," என்றேன்.

கமலா டிபன் வைத்துக்கொண்டே, "பையைக் குடுக்க எத்தனை நிமிஷம் போடுவீங்க?" என்று கேட்டாள். நான் சாப்பிடும்போது பேசுவதில்லை.

5. ஏழு நாள்

பையைக் கொடுக்க ஏழு நாள் ஆனது. காலை பத்தேகாலுக்கு அவர் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது சரஸ்வதி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாராம். கதவைத் தட்டக் கை போனதாம். தட்டாமல் வராந்தா பெஞ்சில் பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். அந்த எழுபத்தைந்து நிமிடமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுஞ் செய்யலீங்க. அதுதானுங்க கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

நான் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு போன் போட்டேன். அவர்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டாம் நாள் அரண்மனை வாசல் வரைக்கும் போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மார்க்கெட்டில் விலை மட்டும் கேட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். பறவைக் கூண்டுகளுக்கு வந்ததும் பொன்னுசாமி, "அட, இங்கயுமா!" என்று திரும்பி நடந்துவிட்டார். சரஸ்வதி மட்டும் நின்று, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று அங்கிருந்த ஆளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஐந்தாம் நாள் மழை, அறையில் இருந்தார்கள். ஆறாம் நாள்தான் அரண்மனைக்குள் போனார்கள். ஏழாம் நாள், எங்கும் போகவில்லை என்றார் சரஸ்வதி.

"பின்ன என்னதாம்மா பண்ணுனீங்க?"

"பேசிட்டு இருந்தமுங்க."

"எதைப் பத்தி?"

"அதை எல்லாஞ் சொல்லோணுமுங்களா சாமி?"

லாட்ஜுக்கு எதிரில் இருந்த டீக்கடைக்காரரின் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் எத்தனை மார்க் வாங்கினாள் என்பதுவரை சரஸ்வதிக்குத் தெரிந்திருந்தது. நான் நாற்பத்தாறு முறை அதே லாட்ஜில் இறங்கியவன். எதிரில் ஒரு டீக்கடை இருப்பது எனக்குத் தெரியாது.

மே 21, மற்றவர்கள் ஒன்பது ஊர் பார்த்துவிட்டு நாமக்கல்லில் வந்து இறங்கிய அதே நாளில், இவர்கள் ஒரே ஊரைப் பார்த்துவிட்டு அரசு பஸ்சில் வந்தார்கள். மறுநாள் வாடகை கொடுக்க அலுவலகத்துக்கு வந்தார் பொன்னுசாமி. நான் வாங்கவில்லை. வாயைவிட்டுச் சொன்னது நான். தவிரவும் நாலரைக்கு எழுப்புவோம் என்று அந்தம்மாவிடம் உறுதி கொடுத்ததும் நான்தான். முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்ல காரியம் சார். கம்பெனிக் கணக்குல மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

தீவனக் கடையில் பொன்னுசாமி என்ன சொன்னார் என்றும் விசாரித்தேன். எத்தனை ஊர் பார்த்தாய் என்று கேட்டவர்களிடம், "ஒண்ணுதான். ஆனா எட்டு ராத்திரி!" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கடையில் யாரும் அதுவரை எங்கேயும் எட்டு இரவு தங்கியதில்லையாம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பார்க்க வேண்டிய இடங்களை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் வருகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? ஐந்துக்கு முன்னால் என்று பதில் வந்தால், முதல் ஊரில் குறைந்தது மூன்று இரவு போடுங்கள். காலையில் யாரையும் கதவைத் தட்ட விடாதீர்கள். கேள்வியைக் கணவனிடம் கேட்டுவிட்டு நிறுத்தாமல் மனைவியிடமும் தனியாகக் கேளுங்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் புக்கிங் படிவத்தில் இந்த வரியைச் சேர்த்துவிட்டுத்தான் வந்தேன். கமலா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று அதற்குப் பிறகுதான் வீட்டில் பார்த்தேன். 4.50.

லாட்ஜ் வாடகை, இரவுக்கு 1,150 வீதம் ஏழு இரவுக்கு 8,050 ரூபாய். புதுக் கோழிகள் முட்டையிடத் தொடங்கியதும் பொன்னுசாமி இரண்டு அட்டை முட்டை கொடுத்தனுப்பினார். முதல் முட்டை என்பதால் சிறியவை. ஒன்று நான்கு ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். அறுபதில் ஒன்று வழியில் உடைந்திருந்தது, அதைச் சேர்க்கவில்லை. 236 ரூபாய். கழித்தது போக எனக்கு ஆன செலவு 7,814 ரூபாய்.